பம்ப் மேல் பழி போடுமுன்

பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்லப் பக்கம் ஏறி இறங்கும் பாதையில் புதிய வண்டியைக் காண்பது அரிது. கொழுந்து ஏற்றும் லொறி, உரமும் விறகும் இழுக்கும் டிராக்டர், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் இரவில் நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகும் வேன் என்று பெரும்பாலும் எல்லாமே இருபது, முப்பது வருடம் உழைத்த டீசல் வண்டிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைப்பதைத் தவிர மலையில் வேறு வழி இருக்கவில்லை.

இப்படியொரு வண்டி ஏற்றத்தில் திணறி நின்றாலோ, விடியற்காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தாலோ, கூடி நிற்பவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் தீர்ப்பு, "பம்ப் போயிருச்சு." டீசல் பம்ப் பழுதாவது உண்மைதான். ஆனால் பழுது பம்பில்தான் என்று உறுதியாகும் முன்பே அதைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான்: பழைய டீசல் வண்டியில் பம்பைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளவற்றைச் சோதிக்க ஒரு ஸ்பேனர், ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், ஒரு போத்தல் சுத்தமான டீசல் இருந்தாலே போதும்.

அவசரப்பட்டுக் கழற்றுவதன் விலை பெரியது. கழற்றிய பம்பைச் சோதிக்க டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். தோட்டத்துக் கராஜில் அது கிடையாது. டவுனுக்கு, சில வேளை கண்டிக்கோ கொழும்புக்கோ பம்ப் பயணம் போகும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணம் ஏறுகிறது. பறித்த கொழுந்து சாக்குக்குள் அமுங்கி நேரம் கடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். கனவரல்ல போன்ற பெருந்தோட்டத்துக்கு வேறொரு லொறி கிடைக்கலாம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சைக் கொழுந்தை விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அன்றைய லொறி வராவிட்டால் அன்றைய உழைப்பே வீண். பம்ப் திரும்பி வந்து பூட்டிய பிறகும் அதே கோளாறு தொடர்ந்தால், செலவழித்த பணம் யாருடையது என்று கேட்கவும் ஆளில்லை.

எந்த வகைப் பம்ப் என்று தெரியாமல் எதையும் சோதிக்க முடியாது. பழைய வண்டிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது இன்லைன் பம்ப். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர், வரிசையாக நிற்கும் குழாய்கள். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் இதைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. நம்மூர் பழைய டாட்டா, லேலண்ட் லொறிகளிலும் பஸ்களிலும் இருப்பது இந்த வகைதான். பெங்களூரின் மைக்கோ நிறுவனத்தில் பொஷ் உரிமத்தில் செய்யப்பட்டவை அவற்றில் ஏராளம். இரண்டாவது ரோட்டரி பம்ப். ஒரே அழுத்தும் உறுப்பு எல்லாச் சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பங்கிட்டுக் கொடுக்கும். இங்கிலாந்தின் சி.ஏ.வி. நிறுவனம் 1950களில் கொண்டுவந்த டி.பி.ஏ. பம்ப் மாசி பெர்குசன் 135 டிராக்டரின் பெர்கின்ஸ் என்ஜினில் உட்கார்ந்திருக்கிறது. 1975இல் வந்த பொஷ் வி.இ. வகையும் அதன் ஜப்பானிய வடிவங்களும் டொயோட்டா டொல்பின் வேன், டெலிக்கா, பழைய ஹைலக்ஸ் ஆகியவற்றில் இருக்கின்றன. 2000க்குப் பிறகு வந்த கொமன் ரெயில் வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அவை இந்தக் கட்டுரைக்குள் வரமாட்டா.

இந்த இரண்டு குடும்பத்துக்கும் உள்ள ஒரு வேறுபாடு நோய் கண்டறிவதில் பெரிதும் உதவும். இன்லைன் பம்பின் கேம் பகுதி என்ஜின் ஒயிலில் ஓடுகிறது. ரோட்டரி பம்பின் உள்ளுறுப்புகள் எல்லாவற்றுக்கும் டீசலேதான் மசகு. டீசல் கெட்டால், வற்றினால், தண்ணீர் கலந்தால் முதலில் சாவது ரோட்டரி பம்ப். உள்ளே அழுத்தும் உறுப்புக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி 2 முதல் 4 மைக்ரோன் வரைதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு 70 மைக்ரோன் அளவு. இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பவர் அழுக்குத் துணியால் பம்பின் வாயைத் துடைக்க மாட்டார்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர் குழாயை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழலும்போது வெள்ளைப் புகை வருகிறதா? வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நமுனுகுலப் பக்கத்து மார்கழிக் குளிரில் நின்ற வேன் காலையில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட மறுத்தால், நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருக்க வாய்ப்பு அதிகம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்போதும் பம்ப்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

டிராக்டரில் என்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிள் முழுதாக உள்ளே போகாமல் துருப்பிடித்து நின்றால் டீசல் வராது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் கையால் அந்த லீவரைத் தள்ளிப் பார்க்காமல் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. வேன்களில் கேபிளுக்குப் பதில் ஒரு மின்சாரக் கட்-ஓஃப் சொலனொய்ட் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது பம்பின் தலையில் "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு வயரை நேராகத் தொட்டுப் பார்க்கலாம். அப்போது டிக் என்று அடித்து வண்டியும் ஸ்டார்ட் ஆனால், கோளாறு ஒரு பியூஸிலோ வயரிலோதான். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்பென்றால் பெல்ட் அறுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பம்ப் சுழலாமல் டீசல் எங்கிருந்து வரும்?

இதற்குப் பிறகு வருவதுதான் மலைநாட்டு வண்டிகளின் தனிப்பெரும் தொல்லை, ஏர். டாங்கிலிருந்து பம்ப் வரையிலான குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. உறிஞ்சும் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளியும் விழாததால் எவரும் லீக் என்று நினைப்பதில்லை. இற்றுப்போன ரப்பர் டியூப், பல தடவை பூட்டிக் கழற்றிய செம்பு வாஷர், பில்டர் மூடியின் இறுகிப்போன சீல், கை பம்பின் தேய்ந்த பிஸ்டன் எல்லாமே காற்றின் வாசல்கள்.

சமதரையில் இந்தக் கோளாறு மெதுவாகத்தான் முகம் காட்டும், சரிவில் உடனே காட்டும். டாங்க் பின்னாலும் என்ஜின் முன்னாலும் உள்ள வண்டியை மூக்கு மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தினால், இரவெல்லாம் காற்று நுழைந்து குழாயிலிருந்த டீசல் டாங்குக்குத் திரும்பிவிடும். காலையில் எவ்வளவு சுழற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. அதே வண்டியை மறுநாள் மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். சட்டென்று பிடித்தால் பம்பைத் தொடவே வேண்டாம், குழாயில் லீக்கைத் தேடினால் போதும். லயத்துக்குப் பக்கத்தில் சரிவான முற்றம் இருப்பவருக்கு இதைவிட எளிய சோதனைக் கருவி கிடையாது. ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனையை மலைநாட்டுச் சாரதிகள் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டாங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது ஏற்றத்தில் மட்டும் வண்டி இழுக்காமல் போவதும் காற்றின் வேலைதான். சரிவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிகிறது. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தபோது வேனுக்கு வாரத்துக்கு 20 லீட்டர்தான் கிடைத்தது. டாங்கின் அடிமட்டத்திலேயே வண்டி ஓடிய அந்தக் காலத்தில் ஏர் பிடிப்பதும், அடியில் பல வருடம் கிடந்த சேறு குழாய்க்குள் ஏறுவதும் சேர்ந்தே நடந்தன.

காற்றைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. பம்புக்குள் நுழையும் ரப்பர் டியூபைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைப் பொருத்தி என்ஜினை ஓட்டிப் பார்ப்பதுதான் அது. ஆரம்பத்தில் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. விடாமல் வந்துகொண்டிருந்தால் லீக். டியூபைப் பில்டருக்கு முன்னால், அதற்கும் முன்னால் என்று டாங்கை நோக்கி நகர்த்திக்கொண்டே போனால் காற்று நுழையும் இடம் பிடிபடும். டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருப்பதும் உண்டு. வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று சத்தம் கேட்டு மறுபடி ஓடினால் அதுவே காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால் போத்தல் சோதனை. என் பார்வையில் மொத்த நோயறிதலிலும் இதற்கு நிகரான ஒன்று இல்லை. சுத்தமான டீசல் நிரம்பிய ஒரு போத்தலையோ கானையோ பம்பைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகப் பம்பின் வாய்க்கு ஒரு டியூப், பம்பின் ரிட்டர்ன் குழாயிலிருந்து அதே போத்தலுக்கு ஒரு டியூப். டாங்க், குழாய், டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பீட் பம்ப், பில்டர் எல்லாம் ஒரே அடியில் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, வண்டி இப்போது சீராக ஓடினால் பம்ப் நிரபராதி. இப்படி ஓட்டியும் பழைய கோளாறு அப்படியே இருந்தால்தான் பம்பின் பக்கம் திரும்ப நியாயம் இருக்கிறது. போத்தலை வெப்பமான மனிஃபோல்டுக்கு மேலே தொங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வி.இ. பம்பில் இன்னொரு சின்னக் கண்ணி உண்டு. ரிட்டர்ன் குழாயைப் பூட்டும் போல்ட்டின் உள்ளே மிகச் சிறிய துளை இருக்கும், தலையில் "அவுட்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பம்பின் உள்ளழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் துளை. அவசரத்தில் இந்தப் போல்ட்டையும் டீசல் நுழையும் போல்ட்டையும் மாற்றிப் பூட்டிவிட்டால் நல்ல பம்பும் செத்த பம்பு போல நடந்துகொள்ளும்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். பனியும் தூறலும் மாறி மாறி வரும் மலையில், பாதி காலியான டாங்கின் உட்சுவரில் இரவு நீர் வியர்த்து அடியில் தங்கும். டீசல் சேமிக்கும் டிரம்மை நிமிர்த்தி வெளியே வைத்தால் மேல்மூடியில் தேங்கும் மழைநீர், வெயிலும் குளிரும் மாறும்போது திருகாணி வழியாக உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் டிரம்மைப் படுக்க வைக்க வேண்டும் அல்லது கூரைக்குக் கீழே சாய்த்து வைக்க வேண்டும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து கறுப்புக் கூழாகப் பில்டரை அடைக்கும். பில்டரின் அடித் திருகாணியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்தால் தண்ணீர் கீழே தனியாகத் தெரியும். மாதம் ஒரு தடவை இதைச் செய்யும் வண்டியின் பம்ப் நீண்ட நாள் வாழும்.

மண்ணெண்ணெய்க் கதை இன்னும் கசப்பானது. 2022 ஆகஸ்ட்டில் ஓட்டோ டீசல் லீட்டர் 430 ரூபாய் விற்றபோது மண்ணெண்ணெய் விலை 87 ரூபாய். லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் மீனவர் படகுக்கும் என்று மலிவாகக் கொடுக்கப்பட்ட அந்த எண்ணெய் வண்டி டாங்குகளுக்குள் போனது. அதே மாதம் விலை 340 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது அடிபட்டவர்கள் லயத்து மக்கள்தான். கலப்படம் செய்தவர்களும் பிறகு பம்ப் வழியாகக் கடனை அடைத்தார்கள். மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை குறைவு. ரோட்டரி பம்பில் அது உலோகத்தை உலோகத்தோடு உரச விட்டுவிடும். டீசலில் மசகு குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகச் சான்றும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகத்தை வெகுவாகக் குறைத்த டீசல் வந்தபோது ரோட்டரி பம்புகள் அடுத்தடுத்துத் தேய்ந்தன. கந்தகத்தை நீக்கும் பதப்படுத்தலில் மசகு தரும் சேர்மங்களும் போய்விட்டன. அதன் பிறகே டீசலின் மசகை அளக்கும் முறை உருவாகி, ஐரோப்பியத் தரத்தில் தேய்வுத் தடம் 460 மைக்ரோனைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு வந்தது.

உண்மையிலேயே பழுதான பம்ப் எப்படித் தன்னைக் காட்டும்? சூட்டில் ஸ்டார்ட் ஆகாமை அதன் மிகத் தெளிவான அடையாளம். காலையில் குளிரில் உடனே பிடிக்கும் வண்டி, பதுளை போய் நிறுத்திய பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். சூடான டீசல் நீர்த்து, தேய்ந்த ரோட்டரின் இடைவெளி வழியே நழுவிவிடுவதால் நோசலைத் திறக்கும் அழுத்தம் உண்டாவதில்லை. பம்பின் தலையில் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் விட்டதும் ஸ்டார்ட் ஆனால் தேய்மானம் கிட்டத்தட்ட உறுதி. கொதிக்கும் பம்பில் குளிர்ந்த நீரை வாளியோடு ஊற்றக்கூடாது, கூடு திடீரெனச் சுருங்கி ரோட்டர் இறுகிப்போகலாம். இதிலும் ஒரு எச்சரிக்கை: சூட்டில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்றாலும், சொலனொய்டின் சுருள் சூட்டில் விட்டுவிட்டாலும் இதே அடையாளம் வரும். அவற்றை முதலில் விலக்கிக்கொள்ள வேண்டும்.

பம்பின் மேல்மூடியைத் திறந்தால் டீசலில் மினுமினுக்கும் உலோகத் தூள், பழுப்பு நிறத் துரு, தண்டின் பக்கம் விடாத கசிவு, இவையும் நம்பத்தக்க சாட்சிகள். டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால், பம்பின் முன்சீல் போயிருக்கலாம். ஆனால் டயப்பிரம் வகைப் பீட் பம்ப் கிழிந்தாலும் ஒயிலில் டீசல் சேரும். மலிவான பீட் பம்பை முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்றால் ரோட்டரி பம்பின் அழுத்தும் உறுப்பைக் குறைசொல்வது தர்க்கத்துக்கே பொருந்தாது. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உறுப்பு ஊட்டும்போது பசி எல்லோருக்கும் சமமாகத்தானே இருக்கும்? ஓடும் என்ஜினில் ஒவ்வொரு நோசல் குழாயின் நட்டையும் ஸ்பேனரால் சற்றுத் தளர்த்தினால், எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அந்த நோசலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டுங்கள். கோளாறும் கூடவே போனால் நோசல், அங்கேயே நின்றால் கம்ப்ரெஷன் அல்லது பம்பின் டெலிவரி வால்வ். இந்தச் சோதனையில் டீசல் பீச்சும் இடத்துக்கு அருகே விரலையோ கண்ணையோ கொண்டுபோகவே கூடாது. நூறு பாரைத் தாண்டிய அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியில் ஊசி குத்தியது போலத் தெரியும் காயம் விரலையே பறிக்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கறுப்புப் புகைக்கும் பம்பைக் குறைசொல்வார்கள். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரம், பண்டாரவளை 1,200 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்குப் பம்ப் அதே அளவு டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்க, எரிக்கக் காற்று போதாமல் புகை கறுக்கிறது. அடைபட்ட ஏர் பில்டர் அதை இரட்டிப்பாக்கும். கொழும்பில் பெஞ்சில் அமைத்து வந்த பம்ப் நமுனுகுலவில் புகைத்தால் அது பழுது ஆகாது. டீசல் அளவுத் திருகாணியில் கைவைத்து "இழுவை கூட்டும்" பழக்கம் என்ஜினைத்தான் சுடும்.

இறக்கத்தில் என்ஜின் அணைவதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். பழைய எல்ஃப், கென்டர் போன்ற வண்டிகளின் பிரேக் பலம் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வெற்றிடப் பம்பிலிருந்து வருகிறது. என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அந்தப் பலம் மிஞ்சும். பஸ்களின் காற்று பிரேக்கும் கம்ப்ரெஸர் ஓடாமல் நிரம்பாது. விட்டுவிட்டு அணையும் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு "டவுன் வரைக்கும் எப்படியாவது போயிரலாம்" என்று இறங்குவதை யாரும் அனுமதிக்கக் கூடாது, கணக்கப்பிள்ளையானாலும் சரி, துரையானாலும் சரி.

எல்லாச் சோதனையும் முடிந்து பம்ப்தான் என்று உறுதியானால் தயங்காமல் கழற்றலாம். அதற்கு முன் சுற்றுப்புறத்தைக் கழுவி, பம்பின் விளிம்பும் என்ஜினும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். மறுபடி பூட்டும்போது டைமிங் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. குழாய் வாய்கள் அனைத்தையும் சுத்தமான மூடியால் அடைத்து அனுப்ப வேண்டும். பெஞ்ச்காரருக்கு "பம்ப் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், குளிரிலா சூட்டிலா, ஏற்றத்திலா, புகையின் நிறம் என்ன, போத்தல் சோதனையில் எப்படி ஓடியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருடைய வேலை பாதியாகக் குறையும். பம்ப் டவுனில் இருக்கும் அந்த நாட்களில் இங்கே செய்ய வேண்டியது டாங்கை இறக்கிக் கழுவுவது, பழைய டியூப்களை வீசிவிட்டுப் புதிது போடுவது, பில்டரை மாற்றுவது. இதைச் செய்யாமல் பூட்டினால், முதல் பம்பைக் கொன்ற அதே சேறும் தண்ணீரும் திருத்தி வந்த பம்புக்குள்ளும் முதல் நாளே போகும்.